லிக்விட் கூலர் எத்தன வருஷம் ஓடும்? நம்ம ஊரு உப்புக் காத்தையும் சேத்து ஒரு கணக்கு

நாகர்கோவில் பக்கம் கேமிங் பிசி போடணும்னு எவன் வந்தாலும் இப்ப ஒரே பிடிவாதம்தான். கண்ணாடி கேஸ், உள்ள கலர் கலரா லைட்டு, நடுவுல ரெண்டு ட்யூப் வளைஞ்சு போற லிக்விட் கூலர். பட்ஜெட் பத்தலன்னா ரேம கொறைப்பான், எஸ்எஸ்டிய கொறைப்பான், எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) கூட கை வைப்பான், கூலர்ல மட்டும் கை வைக்க விடமாட்டான். பாக்க அழகாதான் இருக்கு, எனக்கும் பிடிக்கும், அத இல்லன்னு சொல்லல. ஆனா வாங்குற அன்னிக்கு ஒருத்தனும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, இது எப்ப சாகும்னு. ப்ராசசர், ரேம், மதர்போர்டு எல்லாம் பத்து வருஷம் ஓடினா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க, ஆனா இந்த ஏஐஓ கூலருக்கு (ஆல் இன் ஒன், ப்ராசசர் சூட்ட தண்ணில இழுத்து ரேடியேட்டர் வழியா வெளிய விடுற பம்ப், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் ஒரே செட்டா வர்றது) ஃபேக்டரில மூடும்போதே ஒரு எக்ஸ்பயரி டேட் விழுந்தாச்சு, டப்பால அச்சடிக்கல அவ்வளவுதான்.

என் கணக்க மொதல்லயே சொல்லிடறேன், பொறவு காரணம். நல்ல பிராண்டு, நல்லா மாட்டினதுன்னா அஞ்சுல இருந்து ஏழு வருஷம். பேரு தெரியாத சீப் மாடல்னா மூணு வருஷம் ஓடினா லாபம்னு வச்சுக்கோங்க. வீடு கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம்னு கடல பாத்து இருந்தா அதுலயும் கொஞ்சம் கழிச்சுக்கணும்.

எல்லாரும் பயப்படுறது லீக்குக்குதான். "அண்ணா தண்ணி ஒழுகி கிராபிக்ஸ் கார்டு போயிருமா"ன்னு கேக்காத பையன் கிடையாது. இந்த பயம் சும்மா வந்தது இல்ல, ஆப்பிள் 2004ல பவர் மேக் ஜி5ன்னு ஒரு மெஷின் விட்டான், அதுல 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடல்ல லிக்விட் கூலிங் இருந்துச்சு, கொஞ்ச வருஷத்துல நெறய மெஷின்ல அந்த திரவம் கசிஞ்சு போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அரிச்சு வச்சுது. அந்த கதைலாம் இன்னும் சுத்திட்டு இருக்கு. 2009ல கோர்செயர் எச்50ன்னு ஒண்ணு வந்துச்சு, அத செஞ்சு குடுத்தது டென்மார்க்ல இருக்குற அசெடெக் கம்பெனி, பம்பும் காப்பர் பிளேட்டும் ஒரே டப்பாக்குள்ள, ஃபேக்டரிலயே திரவம் ஊத்தி சீல் பண்ணினது. அதுல இருந்துதான் இது சாதா ஆளுங்க வாங்குற சாமானா மாறிச்சு. லீக் இப்பவும் நடக்காம இல்ல, ஆனா நான் பாத்த செத்த ஏஐஓல ஒழுகி செத்தது ரொம்ப கம்மி. மீதி எல்லாம் ஒரு சொட்டு கூட வெளிய வராம, சத்தமில்லாம செத்ததுதான்.

சத்தமில்லாம எப்படின்னா, மொத காரணம் தண்ணி காணாம போறது. ஓட்டை இல்ல, ஈரம் இல்ல, ஆனா உள்ள இருக்குற திரவம் வருஷத்துக்கு வருஷம் கொறையும். முத்தின தேங்காய அப்படியே மூலைல போட்டு வச்சா என்ன ஆகும்? ஓடு உடையல, கண்ணு திறக்கல, ஆனா மாசக்கணக்குல உள்ள தண்ணி வத்தி கடைசில கொட்டத்தேங்காயா ஆட்டினா கடகடங்கும்ல, அதே கதைதான் இங்கயும். ட்யூப் ரப்பர் பாக்க கெட்டியா இருந்தாலும் தண்ணி ஆவி மூலக்கூறு மூலக்கூறா அது வழியா வெளிய போயிட்டே இருக்கும். அதுனாலதான் இப்ப நல்ல கம்பெனிலாம் ஈபிடிஎம் மாதிரி செயற்கை ரப்பர் போடுறான், நம்ம குலசேகரத்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி எடுக்குற ரப்பர் இல்ல இது, சூட்டயும் தண்ணியயும் இன்னும் நல்லா தாங்குற வகை. அப்படியும் முழுசா நிக்காது, மெதுவாகும், அவ்வளவுதான். திரவம் எவ்வளவு சூடா இருக்கோ அவ்வளவு வேகமா ஆவி வெளிய போகும், அதனால ஏசி ரூம்ல இருக்குற கூலரும் மேல ஷீட் போட்ட மாடி ரூம்ல இருக்குற கூலரும் ஒரே வயசுல சாகாது.

தண்ணி போன எடத்துல காத்து சேரும். ஃபேக்டரில இருந்து வரும்போதே கொஞ்சம் காத்து உள்ள இருக்கும், அது ரேடியேட்டர் மேல் மூலைல தங்கி கிடக்குற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அது பெருசாகி பம்புக்குள்ள போக ஆரம்பிச்சாதான் பிரச்சன. பம்ப் தண்ணிய தள்ளத்தான் செஞ்சது, அதோட பேரிங்குக்கு மசகே அந்த தண்ணிதான், காத்து வந்தா காஞ்சு உரசும். காலைல பவர் பட்டன் அமுக்குன ஒடனே களக் களக்னு சத்தம் வந்து ஒரு நிமிஷத்துல நின்னா அது காத்து குமிழி, கேஸ கொஞ்சம் சாய்ச்சு பிடிச்சா சிலசமயம் போயிடும். சாய்ச்சும் போகலன்னா, இல்ல நாள் பூரா கர்ருன்னு சத்தம் வந்தா, புது கூலருக்கு காசு சேக்க ஆரம்பிங்க.

ரெண்டாவது காரணம் அடைப்பு. இத நேருல பாத்தாதான் நம்புவீங்க. கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அவன் பிசிய பைக்குல முன்னாடி வச்சு கட்டிக்கிட்டு கொண்டுவந்தான், கேம் திறந்தா ரெண்டு நிமிஷத்துல 95 டிகிரி, ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் மாத்தியாச்சு, ஃபேன் ஓடுது, பம்ப் ஆர்பிஎம்மும் கரெக்டா காட்டுது. வாரண்டி முடிஞ்சது, எப்படியும் தூக்கிப் போடப் போறதுதான், சரின்னு வெளித்திண்ணைல நியூஸ்பேப்பர் விரிச்சு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில வச்சுக்கிட்டு பிரிச்சோம். அடில காப்பர் பிளேட்ட சுத்தி நட்சத்திர தலை ஸ்க்ரூ, அத எடுத்தா ஒரு ரப்பர் வாஷர், அதுக்குள்ளதான் விஷயமே. பிளேட்டோட உள்பக்கத்துல சீப்பு பல்லுக்கும் நெருக்கமா, தலைமுடி கனத்துக்கு சந்து விட்டு வரிவரியா காப்பர் தகடு சீவி வச்சிருப்பான், சூட்ட தண்ணிக்கு மாத்துறதே அந்த சந்துதான். இதுல சந்தே தெரியல. வெள்ளையும் பச்சையும் கலந்த ஒரு களிம்பு மேல பூசின மாதிரி மூடிக் கிடந்துச்சு, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி வருது.

"அண்ணா இது பாசியா?"

"பாசி இல்ல டே. பாசி புடிக்க வெளிச்சம் எங்க இருக்கு இதுக்குள்ள?"

அவன் கூட வந்த அவங்க அம்மா எட்டிப் பாத்துட்டு, "இதுக்கா மக்கா எட்டாயிரம் ரூவா குடுத்த"ன்னு கேட்டாங்க. அவன் தலைய தொங்க போட்டுக்கிட்டான். நான் ஒண்ணும் பேசல.

அது என்னன்னா, அடில பிளேட்டு காப்பர், மேல ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். ரெண்டு வேற வேற உலோகம் ஒரே தண்ணில நனைஞ்சு கிடந்தா பேட்டரி வேலை செய்யிற அதே தத்துவத்துல அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். அத தடுக்கத்தான் வெறும் தண்ணி ஊத்தாம கிளைக்கால்ங்கிற திரவமும் அரிமானத்த தடுக்குற மருந்தும் கலந்து ஊத்துறான். அந்த மருந்து சரியில்லன்னாலோ, காலப்போக்குல தீந்து போனாலோ, ரேடியேட்டர் செய்யும்போது உள்ள ஒட்டின பற்றவைப்பு மிச்சத்த ஒழுங்கா கழுவாம விட்டாலோ, கசடு உருவாகி நேரா வந்து அந்த சின்ன சந்துல உக்காந்துடும், அதவிட குறுகலான எடம் வேற எங்கயும் இல்ல. பம்ப் சுத்தும், தண்ணி போகாது. சாஃப்ட்வேர்ல பாத்தா எல்லாம் நல்லாருக்குன்னு காட்டும், அதான் இதுல பெரிய தலைவலி.

பேரு தெரியாத கம்பெனிக்கு மட்டும் வர்ற வியாதின்னு நெனச்சிராதீங்க. எனர்மேக்ஸோட லிக்டெக் டிஆர்4 மாடல கேமர்ஸ் நெக்ஸஸ்ங்கிற யூடியூப் சேனல்காரங்க திறந்து பாத்து உள்ள கசடு அடைச்சு கிடந்தத வெளிய கொண்டுவந்தாங்க. எம்எஸ்ஐ 2021ல கோர்லிக்விட் 240ஆர், 360ஆர் மாடல்ல கசடு சேருதுன்னு தானே ஒத்துக்கிட்டு திரும்ப வாங்கி மாத்திக் குடுத்தான். ஆர்க்டிக் கதை வேற, லிக்விட் ஃப்ரீசர் 2ல சில பேட்ச்ல ரப்பர் வாஷர் சரியில்ல, காப்பர அரிக்க வாய்ப்பு இருக்குன்னு 2022ல அறிவிச்சு, புது வாஷர், ஸ்க்ரூ, டூலோட சர்வீஸ் கிட் ஒண்ண இலவசமா அனுப்பினான், வாரண்டியவும் ஆறு வருஷமா நீட்டினான். தப்பு எல்லா கம்பெனிலயும் வரும், வந்த பொறவு என்ன பண்றான்னு பாத்துதான் நான் பிராண்ட எடை போடுறது, ரிவ்யூல மூணு டிகிரி கம்மி ஜாஸ்தி பாத்து இல்ல.

மூணாவது பம்ப் மோட்டார். இதுல சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் சுத்து சுத்துற ஒரு சாமான் என்னிக்காவது நிக்கும். டப்பால 50,000 மணி நேரம், 70,000 மணி நேரம்னு போட்டிருப்பான். 70,000ன்னா இடைவிடாம ஓடினா எட்டு வருஷம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கேம் ஆடுறவனுக்கு முப்பது வருஷத்துக்கு மேல வரும். அத படிச்சுட்டு பையனுங்க "அண்ணா என் பேரன் வரைக்கும் வரும்"னு சிரிப்பானுங்க. அந்த நம்பர் பம்ப் மோட்டாருக்கு மட்டும், அதுவும் லேப்ல நெறய யூனிட்ட ஓட்டிப் பாத்து கணக்கு போட்டு எடுக்குற சராசரி. தண்ணி ஆவியாகுறதுக்கும் மருந்து தீருறதுக்கும் அதுல கணக்கே கிடையாது, பிசி ஆஃப்ல கிடந்தாலும் ட்யூப் வழியா ஆவி போயிட்டேதான் இருக்கும். அதனால கூலரோட வயச மணிக்கணக்குல எண்ணாதீங்க, பில்லுல இருக்குற தேதிய பாத்து எண்ணுங்க. கடைல ரெண்டு வருஷம் தூசி புடிச்சு கிடந்த பழைய ஸ்டாக்க டிஸ்கவுண்ட்ல தள்ளும்போது இத ஞாபகம் வச்சுக்கோங்க, அது ஏற்கனவே ரெண்டு வயசு.

இப்ப நம்ம ஊரு விஷயத்துக்கு வரேன். வெயில் நமக்கு பெரிய பிரச்சன இல்ல, சென்னை, திருச்சி மாதிரி 40 டிகிரிலாம் நாம பாக்குறது இல்ல. ஆனா தென்மேற்கும் நமக்கு, வடகிழக்கும் நமக்கு, ஜூன்ல புடிச்ச மழை டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டு வரும், மழை இல்லாத நாளும் புழுக்கம், ராத்திரி கூட ரூம் 28 டிகிரிக்கு கீழ இறங்குறது அபூர்வம். லிக்விட் கூலர்னா ஜில்லுன்னு வச்சிருக்கும்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு, எந்த ரேடியேட்டராலயும் ரூம் காத்த விட கீழ தண்ணிய குளுப்பாக்க முடியாது. ரூம் 32ன்னா கேம் ஆடும்போது உள்ள திரவம் 40, 45ன்னு போகும். பெரும்பாலான ஏஐஓக்கு திரவம் 60 டிகிரிய தாண்டக் கூடாது, நம்ம ஊருல நல்லா மாட்டினா அதத் தொடாது, ஆனா கண்ணாடி கேஸ்ல முன்னாடி காத்து போக வழியே இல்லாம மூடி வச்சு, அந்த கேஸ கொண்டுபோய் மேஜைக்கு அடில செவுத்தோட ஒட்டி சொருகினா தொட்டாலும் தொடும்.

உப்புதான் நமக்கு தனி. கடலோர வீட்டுல ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு நான் சொல்லியா தெரியணும்? ஏசியோட வெளிய இருக்குற யூனிட்டு பின்னாடி அலுமினிய தகட விரலால தொட்டா பொடிபொடியா உதிரும். கூலர் ரேடியேட்டரும் அதே அலுமினிய தகடுதான். மேல கருப்பு பெயிண்ட் இருக்குறதுனால ஏசி அளவுக்கு வேகமா போகாது, ஆனா ஸ்க்ரூ ட்ரைவர் வழுக்கி பெயிண்ட் பேந்த எடத்துல வெள்ளைப் பொடி பூக்குறத நானே பாத்திருக்கேன். இதுக்கு மேல, உப்பு ஈரத்த காத்துல இருந்து இழுத்து வச்சுக்கும், அது மேல தூசி விழுந்தா பசை மாதிரி ஒட்டிக்கும், ப்ளோயர் அடிச்சாலும் போகாது. மார்த்தாண்டம், திருவட்டாறு பக்கம் இருக்குறவங்க வீட்டு ரேடியேட்டர்ல தூசி தூசியாவே இருக்கும், ஊதினா பறந்துடும். முட்டத்துல பிரஷ் போட்டு தேய்க்கணும். ரேடியேட்டர் ஓட்டையாகி ஒழுகுற அளவுக்கு உப்பு தின்னத நான் பாக்கல, ஆனா ஃபேன் ஸ்க்ரூ துரு பிடிச்சு தலை வழண்டு போறது, ஃபேன் பின்னு பச்சை பூக்குறது இதெல்லாம் அங்க சகஜம். பின்னு பச்சை பூத்தா பம்புக்கு கரெண்ட் விட்டு விட்டு வரும், பம்ப் செத்துதுன்னு நெனச்சு புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அந்த கனெக்டர கழட்டி ஒரு தடவ பாத்துருங்க. (பல்லியையும் பாருங்க. ஃபேன் சத்தம்னு தூக்கிட்டு வந்த ஒரு கேஸ்ல ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவுல பல்லி காஞ்சு கிடந்துச்சு, அந்த வாடைய நான் மறக்க மாட்டேன்.)

மாட்டுறதுல ஒரே விதிதான், காத்து எப்பவும் மேல ஏறும், அந்த காத்து போய் நிக்குற உச்சி பம்பா இருக்கக் கூடாது. ரேடியேட்டர கேஸோட மேல்பக்கம் மாட்டுனா ஒரு கவலையும் இல்ல, குமிழி எல்லாம் ரேடியேட்டர்ல போய் நின்னுக்கும். முன்பக்கம் மாட்டினாலும் சரிதான், ரேடியேட்டரோட மேல் நுனி பம்ப விட உயரத்துல இருக்கணும், முடிஞ்சா ட்யூப் கீழ்பக்கமா வர்ற மாதிரி. கேஸோட அடில ரேடியேட்டர மாட்டினீங்கன்னா இருக்குற மொத்த காத்தும் பம்புக்கு வந்துடும், அழகுக்காக இப்படி மாட்டின படம் இன்ஸ்டாகிராம்ல நெறய வருது, பாத்து ஏமாறாதீங்க. பம்ப் கேபிள மதர்போர்டுல பம்ப்னு எழுதிருக்குற பின்னுல குத்தி, பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் பக்கம்) அத எப்பவும் முழு வேகத்துலயே விட்டுருங்க, கம்பெனி வேற மாதிரி சொல்லிருந்தா மட்டும் அவன் சொல்ற மாதிரி. ஃபேன் வேகத்த கூட்டி கொறைச்சுக்கலாம், பம்ப நோண்டாதீங்க.

கூலர் சாகுதான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா, எனக்கு சாஃப்ட்வேர விட கை மேல நம்பிக்கை ஜாஸ்தி. கேம பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டு ரெண்டு ட்யூபையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பா இருந்தா தண்ணி ஓடுது. ஒண்ணு சுடுது, ஒண்ணு குளுந்து கிடக்குதுன்னா ஓடல. ப்ராசசர் 95ல நிக்குது, ஆனா ரேடியேட்டர்ல இருந்து வர்ற காத்து குளுமையா இருக்குன்னா சூடு அங்க வந்து சேரவே இல்லன்னு அர்த்தம். இன்னொண்ணு, தண்ணிக்கு சூடேற நேரம் புடிக்கும், நல்ல ஏஐஓல வெப்பம் மெதுவா ஏறி கால் மணி நேரம் கழிச்சு ஒரு எடத்துல நிக்கும். பட்டன் அமுக்கி பயாஸ்ல சும்மா உக்காந்திருக்கும்போதே 60, 70, 80ன்னு நிக்காம ஏறிட்டே போச்சுன்னா பம்ப் நின்னிருக்கும், இல்லன்னா கூலர் ப்ராசசர் மேல சரியா உக்காரல, புதுசா மாட்டினதுன்னா காப்பர் பிளேட்டுல ஒட்டிருக்குற பிளாஸ்டிக் ஸ்டிக்கர உரிச்சீங்களான்னும் பாருங்க, சிரிக்காதீங்க, எத்தனையோ பேரு உரிக்கல. ப்ராசசர் எரிஞ்சுடும்னு பயம் வேண்டாம், இன்டெல் 100 டிகிரிலயும் ஏஎம்டி புது சிப்பு 95லயும் தானே வேகத்த கொறைச்சுக்கும், அதுக்கும் மேல போனா ஆஃப் ஆயிடும். ஆனா மாசக்கணக்குல 95லயே வச்சு கேம் ஆடுறது மதர்போர்டுக்கு நல்லதில்ல.

நான் சொல்ற ஒரே ஒரு ஒழுக்கம், புது கூலர் போட்ட மொத வாரத்துலயே ஒரே கேம அரை மணி நேரம் ஓட்டி டெம்பரேச்சர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. வருஷா வருஷம் அதே மாசத்துல அதே கேம ஓட்டிப் பாருங்க. தூசி தட்டி, பேஸ்ட் மாத்தியும் பழைய கணக்க விட பத்து டிகிரி கூட நின்னா கூலருக்கு வயசாச்சு.

வாரண்டின்னு வரும்போது நம்ம மாவட்டம் நாட்டோட கடைசி முனைல இருக்குறது நல்லாவே தெரியும். பெரிய பிராண்டோட நல்ல மாடலுக்கு அஞ்சு, ஆறு வருஷம் குடுக்குறான், சீப்புக்கு ரெண்டு, மூணு. குடுக்குறான் சரி, மாத்துறது எங்க? கடைக்காரர் மூலமா கூரியர்ல சென்னைக்கு போகணும், அங்க பாத்துட்டு மாத்தி அனுப்ப வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் கேமும் இல்ல, காலேஜ் ப்ராஜெக்ட்டும் இல்ல. ஒரு தடவ எனக்கு தெரிஞ்ச பையனோடது போய், டப்பா இல்லாம அனுப்பினீங்க, ரேடியேட்டர் நசுங்கிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டானுங்க. அதனால டப்பாவையும் உள்ள இருக்குற முட்டை அட்டையையும் பரண்ல போட்டு வைங்க, ஜிஎஸ்டி பில்ல போட்டோ எடுத்து வைங்க, பில் பேப்பர் நம்ம ஈரத்துல ஒரே வருஷத்துல எழுத்து மங்கி வெள்ளையாயிடும். முக்கியமா, ப்ராசசரோட டப்பால வந்த ஸ்டாக் கூலர் இருந்தா அத தூக்கி போடாதீங்க, இல்லன்னா ஆயிரம் ரூபா சுத்துல ப்ராசசர் மேல மாட்டுற ஒரு சின்ன ஏர் கூலர் (பம்பும் ட்யூபும் இல்லாம உலோகத் தகடும் ஃபேனும் மட்டும் இருக்குறது) வாங்கி வச்சுக்கோங்க, ஏஐஓ கூரியர்ல போற நாளெல்லாம் அதான் சோறு போடும். லீக் ஆகி வேற பார்ட்டு கெட்டா அதுக்கும் காசு தருவோம்னு சில பிராண்டு சொல்றான், இந்தியால அது பொருந்துமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விதிமுறைய படிச்சுருங்க.

தீந்த திரவத்த நாமளே ஊத்திக்கலாமான்னா, அதுக்குன்னே மூடி வச்ச மாடல்ல ஊத்தலாம். ஆல்ஃபாகூல் ஐஸ்பேர், பி கொயட் ப்யூர் லூப் இதுலலாம் ரீஃபில் மூடி இருக்கு, ப்யூர் லூப்ல கூலண்ட் பாட்டிலும் கூடவே வரும். வாழ்நாள நீட்டணும்னு உண்மையா நெனைக்கிறவங்க அந்த மாதிரி பாருங்க. மத்தத பிரிச்சு கிணத்து தண்ணியோ இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணியோ ஊத்துற வேலைய விட்டுருங்க, கிணத்து தண்ணில உப்பு, பேட்டரி தண்ணில மருந்து இல்ல, ரெண்டுலயும் அலுமினியம் அரிக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல ஏஐஓ வாங்கவே வாங்காதீங்க. கூலரே சேந்து வர்ற கிராபிக்ஸ் கார்டு, ஏஎம்டி 2015ல விட்ட ஃப்யூரி எக்ஸ் மாதிரி, அதெல்லாம் இன்னும் மோசம், பம்ப் நின்னா அந்த கார்டுக்கு பொருந்துற வேற கூலர தேடுறதுக்குள்ள உயிர் போயிடும்.

அப்ப யாருக்குதான் இது வேணும்? இன்டெல் 14900கே மாதிரி 253 வாட் முழுங்குற சிப்ப வச்சு நாள் பூரா வீடியோ ரெண்டர் பண்றவங்களுக்கு 360 எம்எம் ரேடியேட்டர் வச்ச ஏஐஓ வேணும், கல்யாண வீடியோ எடிட் பண்ற அண்ணன்மாரு இருக்காங்க, அவங்க வாங்கட்டும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துற செலவ தொழில் செலவுல எழுதிக்கட்டும். சின்ன கேஸ், பெரிய ஏர் கூலர் உள்ள போகாதுன்னாலும் சரி. வெறும் கேம்தான்னா, ஏஎம்டி 7800எக்ஸ்3டி மாதிரி கேமிங்ல முன்னணில இருக்குற சிப்பே கேம்ல நூறு வாட்ட தொடுறது இல்ல. அதுக்கு ரெண்டு டவர் இருக்குற ஒரு ஏர் கூலர் நாலாயிரம் ரூபா பக்கம் வந்தாலே தாராளம், தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் மாதிரி. நாக்டுவா என்எச்-டி15 2014ல வந்தது, அத அன்னிக்கு வாங்கினவங்க மதர்போர்டுல ப்ராசசர் சாக்கெட் மாறும்போது மாட்டுற கிட் மட்டும் மாத்தி இன்னிக்கும் ஓட்டிட்டு இருக்காங்க. அதுல சுத்துறது ஃபேன் ஒண்ணுதான், ஃபேன் போனா எந்த கடைலயும் எண்ணூறு ஆயிரத்துக்கு இன்னொண்ணு கிடைக்கும், சென்னைக்கு கூரியர் வேண்டாம். ஏர் கூலர்ல சூட்ட தகடுக்கு கொண்டுபோற ஹீட் பைப்புக்குள்ளயும் துளி தண்ணி இருக்கு, ஆனா அது முழுக்க செம்பு குழாய்க்குள்ள அடைச்சது, ஆவி தப்பிக்க ரப்பரே கிடையாது.

இத எல்லாம் சொல்லி முடிச்சப்புறமும், போன மாசம் தக்கலைல இருந்து வந்த ஒரு பையன் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "செரிண்ணா, எல்லாம் புரிஞ்சு. வெள்ளை கலர்ல 360 எதுண்ணா நல்லது?"ன்னான். ஆறு வருஷ வாரண்டி இருக்குற ஒண்ண காட்டிக் குடுத்தேன், மேல் பக்கம் மாட்டியாச்சு, பம்ப் பக்கத்துல வாங்கின தேதிய ஸ்கெட்ச் பேனால எழுதியும் விட்டாச்சு. அவனுக்கு சந்தோஷம்.

கடைசியா பழச தூக்கிப் போடுறவங்களுக்கு ஒண்ணு. ஃபேன கழட்டி வச்சுக்கோங்க, கேஸ் ஃபேனா ரொம்ப வருஷம் ஓடும். காப்பர் பிளேட்டு, ரேடியேட்டர பழைய இரும்புக் கடைல எடைக்கு எடுப்பாங்க, டீ காசு வரும். உள்ள இருக்குற திரவத்த முத்தத்துல ஊத்தாதீங்க, சிலதுல எத்திலீன் கிளைக்கால் இருக்கும், இனிப்பா இருக்குன்னு நாய் பூனை நக்கினா கிட்னி போயிடும். பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடி, பிள்ளைங்க கைக்கு எட்டாம வச்சு, கார் கூலண்ட் மாத்துற மெக்கானிக் கடைல குடுத்துருங்க, பழைய கூலண்ட அவங்க எடுக்குற இடத்துலயே இதையும் சேத்துப்பாங்க.